மோதிரத்தைப் பக்கவாட்டிலும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வாங்குவோருக்காக வெளியான கட்டுரையைப் படித்தேன். எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கையும் பிழையின்றி விளக்கிய அந்தக் கட்டுரை கல்லோடு நின்றுவிட்டது, மோதிரத்துக்கு வரவேயில்லை. கல் பதிப்பதையும் நகை பழுதுபார்ப்பதையும் 30 ஆண்டுகளுக்கு மேல் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். என் மேசைக்குக் கலங்கிய முகத்தோடு வந்தவர்களில், கல்லின் தரம் சொன்னபடி இல்லை என்று வந்தவர்கள் மிகச் சிலரே. கல் எங்கோ விழுந்துவிட்டது என்று வெறும் வளையத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள்தாம் அதிகம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேரட் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு அளவுகளைக் குறிக்கிறோம். தங்கத்தில் அது தூய்மையைச் சொல்கிறது: 24 கேரட் என்றால் கலப்பில்லாத தங்கம், 18 கேரட் என்றால் நான்கில் மூன்று பங்கு தங்கம். வைரத்தில் அது எடை: ஒரு கேரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். தங்கத்தின் கேரட் கூடினால் நல்லது என்று பழகிய நாம், வைர மோதிரத்துக்கும் அதையே எதிர்பார்க்கிறோம். தூய்மை கூடக் கூடத் தங்கம் மென்மையாகிறது என்பதும், கல்லைத் தூக்கிப் பிடிக்கும் மெல்லிய உலோகக் கொக்கிகளான நகங்களுக்கு 22 கேரட் தங்கம் போதிய உறுதி தராது என்பதும் வாங்கும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. அந்த இடத்துக்கு 18 கேரட் தங்கமோ பிளாட்டினமோதான் ஏற்றவை. பிளாட்டினம் கீறல் பட்டாலும் எளிதில் தேய்ந்து போகாது. அதனால் நகங்களுக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

எடையைப் பொறுத்தவரை, முழு எண்ணின் மேல் உள்ள மோகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். நன்றாக வெட்டப்பட்ட ஒரு கேரட் வட்ட வைரத்தின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர், அரை கேரட் கல்லுக்கு அது 5.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எடை பாதியானாலும் கண்ணுக்குத் தெரியும் அகலம் பாதியாவதில்லை. 0.95 கேரட்டுக்கும் ஒரு கேரட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் விலை அந்த இடத்தில்தான் தாவுகிறது. நிறத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. நிறமே இல்லாத 'டி' முதல் மஞ்சள் படிந்த 'இசட்' வரை போகும் அளவுகோலில் 'ஜி', 'எச்' என்று வரும் கல் மஞ்சள் தங்கத்தில் பதித்த பிறகு வெள்ளையாகவே தெரியும்.

மிச்சப்படும் பணத்தை வெட்டுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. வழக்கமான வட்ட வைரத்துக்கு 57 பட்டைகள். அடி நுனியைத் தட்டையாக்கினால் 58. மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பக்கப் பட்டைகளில் மோதித் திரும்பி நம் கண்ணுக்கு வருவதைத்தான் நாம் ஜொலிப்பு என்கிறோம். அடிப்பகுதி ஆழமாகப் போனாலும் மேலோட்டமாக அமைந்தாலும் ஒளி பக்கவாட்டிலோ பின்புறமாகவோ கசிந்துவிடும். எடை காட்டுவதற்காக அடியில் கனம் விட்டு வெட்டிய கற்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை தராசில் ஒரு கேரட், விரலில் முக்கால் கேரட்.

தெளிவைப் பற்றித் தங்கள் கட்டுரை தந்த தரவரிசை சரியானதே. ஆனால் குறை எவ்வளவு பெரியது என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். வைரத்தின் குற்றங்களுக்குத் தமிழில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பழம்பெயர்கள் உண்டு. கல்லின் உள்ளே புள்ளியாகக் கிடக்கும் விந்துவால் பெரும்பாலும் தீங்கில்லை. விளிம்பை எட்டும் ஏகை, அதாவது இழை போன்ற கீற்று, அப்படியன்று. நகத்தை மடக்கிக் கல்லின்மேல் அழுத்தும்போது அந்த அழுத்தம் விழுவது விளிம்பில்தான். ஒரே தரம் பெற்ற இரு கற்களில் ஒன்று பதிக்கும்போதே சில்லாகப் பெயர்வதும், மற்றது வாழ்நாள் முழுவதும் கிடப்பதும் இதனால்தான். எனவே, சான்றிதழில் கல்லின் வரைபடம் இருந்தால் விளிம்பையொட்டிக் கோடு ஏதும் குறித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் அது சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் காட்டச் சொல்லுங்கள்.

'வைரம் உடையாது' என்ற நம்பிக்கையால் கெட்ட மோதிரங்கள் பல. கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு உச்ச எண்ணான 10. அதைக் கீறுவது அரிது. கீறுவது வேறு, பிளப்பது வேறு. வைரத்தின் படிக அமைப்பில் நான்கு திசைகளில் எளிதில் பிளக்கும் தளங்கள் இருக்கின்றன. அந்தத் திசையில் ஓர் அடி சரியாக விழுந்தால் போதும். சதுரக் கல்லின் நான்கு மூலைகளும், துளி வடிவக் கல்லின் கூர்முனையும் முதலில் அடிபடும் இடங்கள் என்பதால், அங்கே நகம் முனையை மூடியிருப்பது கட்டாயம். வட்டக் கல்லுக்கு நான்கு நகங்கள் அழகு, ஆறு நகங்கள் காப்பு. ஒன்று போனாலும் ஐந்து பிடித்துக்கொள்ளும். கைவேலை அதிகம் செய்பவர்களுக்குக் கல்லைச் சுற்றிலும் உலோக விளிம்பு கட்டிய மோதிரமே சிறந்தது. ஒளி சற்றுக் குறையும் என்பார்கள். நல்ல வெட்டுள்ள கல்லில் அந்தக் குறை தெரிவதில்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். வைரத்துக்கு எண்ணெய்ப் பசையின்மேல் ஒரு தீராத ஈர்ப்பு உண்டு. சுரங்கங்களில் பொடித்த பாறையைத் தண்ணீரோடு கொழுப்புப் பூசிய மேசைகளின்மேல் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான்: மற்றக் கற்கள் நீரோடு போய்விடும், வைரம் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். அதே குணத்தால்தான் கைக்களிம்பும் சோப்பும் தோலின் எண்ணெயும் மோதிரக் கல்லின் அடியில் படிகின்றன. அந்தப் படலத்தின் வழியே ஒளி வெளியேறிவிடுவதால் கல் மங்குகிறது. ஆகவே, தேய்க்க வேண்டியது மேற்புறத்தை மட்டுமன்று. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் கலந்து, அரைமணி நேரம் ஊறவைத்து, மிருதுவான பல்துலக்கியால் கல்லின் அடிப்புறத்தைத் துலக்கினால் பழைய ஒளி திரும்பும். இதைக் கிண்ணத்தில் செய்யுங்கள், கழுவுதொட்டியின் துளைக்கு மேலே செய்யாதீர்கள். பற்பசை தங்கத்தைக் கீறும். குளோரின் கலந்த வெளுப்பான்கள் தங்கக் கலவையை அரித்து நகங்களை நொறுங்கச் செய்யும். நீச்சல் குளத்தில் குளோரினோடு, குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

கழற்றும்போது கல்லைப் பிடித்து இழுப்பது பலரின் பழக்கம். வளையத்தைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். மோதிரம் துணியில் நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் ஒரு நகம் நிமிர்ந்துவிட்டது என்று பொருள். காதருகே வைத்து விரலால் தட்டும்போது சிறு ஓசை கேட்டால் கல் ஆடுகிறது. இரண்டில் எது நேர்ந்தாலும் அன்றைக்கே கழற்றி வைத்துவிட வேண்டும். எதுவுமே நேராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை நகங்களைச் சோதிக்கக் கொடுப்பது நல்லது.

பழுதுபார்ப்பவரிடம் கல்லின் வரலாற்றை மறைக்காதீர்கள். விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பித் தெளிவாக்கிய கற்கள் சந்தையில் உண்டு. தீச்சுடர் பட்டால் அந்த நிரப்பு வெளியேறிவிடும், ஒலியலைச் சுத்தக் கருவியும் அதற்கு ஆகாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமா, மண்ணில் எடுத்ததா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. இரண்டும் ஒரே கார்பன், இரண்டுக்கும் கவனிப்பு ஒன்றே. கடைகளில் வைத்திருக்கும் சாதாரண வெப்பச் சோதனைப் பேனா இரண்டையும் வைரம் என்றே காட்டும் என்பதால், எது என்பதை ரசீதில் எழுதி வாங்குவது மட்டும் அவசியம்.

கட்டுரையோடு வெளியான படத்தில் மோதிரம் நேர்மேலிருந்து மட்டுமே காட்டப்பட்டிருந்தது. அந்தக் கோணத்தில் நகங்களின் கனமோ, கல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதோ தெரியாது. அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது பக்கவாட்டுப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல் பதிப்புத் தொழிலாளி ஒருவர்