பெயரைச் சொல்லாமல் ஒரு கடிதம்

அன்புள்ள உனக்கு,

புத்தகக் கூட்டத்தில் உன் இயற்பெயர் வெளியே வந்து நாளையோடு ஒரு வருடம். புதுப் பெயரில் மறுபடி எழுதப் போகிறாய் என்று காதில் விழுந்தது. என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வந்தவரையும் நிறுத்திவிட்டேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், ஆனால் இங்கே எழுதுவதைப் படிக்கிறாய் என்று தெரியும். நாலு பேர் பார்க்கிற இடம், அதனால் உன் பழைய புனைபெயரையோ அந்த அரங்கத்தையோ எழுதமாட்டேன். பெங்களூரில் தமிழ்ப் புத்தகக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. எதுவாகவும் இருக்கட்டும்.

அந்த க்யூஆர் அட்டையை ஒட்டியது நான்தான். லேமினேட் செய்து, மேசை விளிம்பில் செலோ டேப் போட்டு. அதில் உன் புனைபெயர்தான் அச்சாகியிருந்தது, க்யூஆர் கோடுக்குள்ளும் அதையேதான் கொடுத்திருந்தேன். யுபிஐ கோடில் பணம் போக வேண்டிய முகவரி ஒன்று, காட்ட வேண்டிய பெயர் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அட்டை செய்தபோது என் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன், புனைபெயர்தான் வந்தது. அதற்குப் பிறகு விதி மாறிவிட்டது. 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரை மட்டுமே காட்ட வேண்டும் என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ சொல்லிவிட்டது. கோடுக்குள் எழுதிய பெயரைக் காட்டக் கூடாது. மோசடியைத் தடுக்க வந்த விதி, நல்ல விதிதான். உன் உறவினர் நூற்றெண்பது ரூபாய் போட ஸ்கேன் செய்தார். திரையில் அப்பாவின் இனிஷியலோடு உன் முழுப்பெயர். அவர் அதை வாய்விட்டுப் படித்தார். நீ பில் புத்தகத்தை மூடினாய். மெதுவாக மூடினாய், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கூட்டத்துக்கு முதல் நாள் இன்னொரு தடவை ஸ்கேன் செய்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மன்னித்துவிடு. ஆனால் வேண்டுமென்றே செய்தேன் என்று நீ சொல்லித் திரிந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. சொந்தக் கணக்கைக் கொடுத்தது நீ. பதிப்பகத்தின் கணக்கில் வாங்கலாம் என்றபோது கணக்குப் பார்க்கத் தாமதமாகும் என்றதும் நீதான்.

பழி இருக்கட்டும். இந்த முறையாவது சரியாக நடக்க வேண்டும்.

தமிழில் புனைபெயர் பெரும்பாலும் ஒளிந்துகொள்ள வைத்ததல்ல. இங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸில் (பிஇஎல்) வேலை பார்த்த ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்து சுஜாதா ஆனது, பத்திரிகை உலகில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கனவே இருந்ததால். கவிதை எழுதும் கல்யாண்ஜியும் கதை எழுதும் வண்ணதாசனும் ஒருவரே என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பழக்கத்தில் நாம் பெயரை மட்டும் தேடினோம், பணம் வரும் வழியைப் பார்க்கவில்லை. புனைபெயரில் மட்டுமே எழுதும் இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டே யார் என்று 2016-ல் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளர் தேடியதும் பதிப்பகம் கொடுத்த பணத்தையும் சொத்துப் பதிவுகளையும் பிடித்துத்தான்.

ஆகவே விற்பனைப் பணம் முழுக்கப் பதிப்பகத்தின் கணக்குக்கே போகட்டும். ராயல்டி உன் இயற்பெயர்க் கணக்குக்குத்தான் வரும். பான் எண்ணும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது, அதில் தப்பில்லை. அரசிதழில் பெயர் மாற்ற ஓடாதே, புனைபெயருக்கு அது தேவையே இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும்: ‘இன்னார் ஆகிய நான், இன்ன புனைபெயரில் எழுதிய’ என்று. உன் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விருதுக் குழுவுக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ இயற்பெயரைத் தரக் கூடாது என்று ஒரு வரி கேட்டு வாங்கு. பதிப்புரிமைப் பக்கத்தில் புனைபெயர் மட்டும் போதும். ஒன்றைத் தெரிந்துகொள்: சட்டப்படி புனைபெயர் நூலுக்குப் பதிப்புரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருடம். அதற்குள் ஆசிரியர் யார் என்று முறையாக வெளிப்பட்டால் மற்ற நூல்களைப் போல, இறப்புக்குப் பின் அறுபது வருடம். பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தியாசம். அந்த ஒப்பந்தத்தைப் பத்திரமாக வை.

பெயரைப் பற்றி, பொதுவாக. தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடு, இனிஷியலோடும் இல்லாமலும். ஸ்ரீ இருந்தால் யோசி. கணினியில் அதற்கு இரண்டு குறியாக்கம் உண்டு. ஒன்றில் தட்டச்சு செய்தால் மற்றது தேடலில் சிக்காமல் போகலாம். ழ இருந்தால் ஆங்கில எழுத்துக்கூட்டலை இன்றே முடிவு செய்து, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) விண்ணப்பத்திலும் அட்டையிலும் கடைத் தளத்திலும் அதையே கொடு. இல்லாவிட்டால் கடைத் தளத்தில் நீ இரண்டு ஆசிரியராகப் பிரிந்துவிடுவாய். அலமாரியில் தெரியும் புத்தக முதுகையும் நினைத்துப் பார். நூற்றிருபது பக்கப் புத்தகத்துக்கு அது சில மில்லிமீட்டர்தான் தேறும். நீளப் பெயர் அதில் எறும்பு வரிசையாகத்தான் தெரியும்.

கைப்பிரதி அனுப்பும்போதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். வேர்டு கோப்பின் தகவல் பகுதியில் ஆசிரியர், கடைசியாகத் திருத்தியவர் என்று இரண்டு இடத்தில் உன் பெயர் உட்கார்ந்திருக்கும். ஓரக் குறிப்புகளிலும் இருக்கும். ‘இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்’ கொடுத்து நீக்கு. பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதன் ப்ராப்பர்ட்டீஸையும் திறந்து பார். புது மின்னஞ்சல் தொடங்கு, ட்ரைவ் இணைப்பையும் அந்தக் கணக்கிலிருந்தே அனுப்பு. இணைப்பைத் திறந்தால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடலாம். உன் பழைய கணக்கில் உன் முகமே இருக்கிறது.

மெய்ப்புக்கு என்னிடம் வரும்படி விடாதே. பத்து வருடமாக உன் வாக்கியங்களைத் திருத்தியவள் நான். பத்திக்கு ஒருமுறை நீ போடும் அந்த ஒற்றைச் சொல் வாக்கியத்தைப் பார்த்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். எந்தச் சொல் என்று இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். மற்றவர்களும் கண்டுபிடிக்கலாம், அதனால் பாதியையாவது வெட்டு. எனக்கு அது பிடிக்கும் என்பது வேறு.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டேன். உன் புத்தகங்களில் முப்பத்தொன்று என் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருக்கின்றன. யாரையாவது அனுப்பு, கொடுத்துவிடுகிறேன். வருபவர் உன் பெயர் எதையும் சொல்ல வேண்டாம், ‘பெட்டி’ என்றால் போதும்.