சங்கரன்கோவில் அப்பாவுக்கு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, அண்ணன், மைனி, குட்டி, தம்பி எல்லாரும் நலமா? உங்கள் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து சுற்றி என் கைக்கு வர நாளாகிவிட்டது. போனில் எப்போதும் அம்மாதான் பேசுகிறாள். நீங்கள் பின்னால் நின்று "சாப்பிட்டாளான்னு கேளு" என்பதோடு சரி. அதனால் உங்கள் கையெழுத்தில் நாலு பக்கம் பார்த்ததும் நின்ற இடத்திலேயே வாசித்து முடித்தேன். நம் ஆர்மோனிய ரிப்பேர் கடையை மூடுவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அம்மா கேட்டதற்கெல்லாம் பதில்.

குளிர் உண்டுதான், ஆனால் பயப்படும்படி இல்லை. இந்தப் பெல்ஜியம் ஊரில் பனியைவிட மழைதான் அதிகம். ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிற ஈரக்காற்று காதுக்குள் புகும், அதற்கு மைனி பின்னித் தந்த குல்லாய் இருக்கிறது. அறையில் ஹீட்டரைக் குறைத்துத்தான் வைப்பேன், கூட்டினால் மூக்கு வறண்டுபோகிறது. முன்பு இருந்த வீட்டைவிட இந்த அறை சின்னது, கூட்டிப் பெருக்க வசதி. அரிசியும் புளியும் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் கிடைக்கிறது. கறிவேப்பிலை மட்டும் விலை ஜாஸ்தி, அதனால் ரசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். இங்கே விட்லூஃப் என்று ஒரு கீரைக்குருத்து. வெளிச்சமே படாமல் இருட்டறையில் வளர்க்கிறார்கள், அதனால் வெள்ளையாக இருக்கும், கசக்கும். இவர்கள் இறைச்சியும் சீஸும் வைத்து அடுப்பில் வாட்டுகிறார்கள். நான் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தேன், நம் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். முதியோர் இல்லத்தில் இப்போது வேலை கொஞ்சம் லேசு. வாரத்தில் சில நாள் கூப்பிடுவதில்லை, அதனால் கையில் நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன செய்கிறேன் என்பதைத்தான் உங்களுக்கு எழுதவேண்டும். அம்மாவுக்குச் சொன்னால் "அது எதுக்குட்டீ உனக்கு" என்பாள். உங்களுக்குப் புரியும்.

குடிவந்த புதிதில் ஒருநாள் மாடிப்படியில் ஏறும்போது வச்சிரப் பசை காய்ச்சுகிற வாடை. நம் கடையில் வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை வைத்து நீங்கள் காய்ச்சுவீர்களே, அதே வாடை. இந்த ஊரில் அதை எதிர்பார்க்கவில்லை. கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர், முன்னால் மேஜையில் விரல் நீளத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துருத்திகள். ஒவ்வொன்றுக்கும் பழைய தோலைச் சுரண்டிவிட்டுப் புது ஆட்டுக்குட்டித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு உள்ளே போய், தோலின் மூலையை எப்படி மடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யார் எவர் என்று கேட்கவில்லை. கத்தியை என் கையில் கொடுத்து ஒன்றை ஒட்டிக்காட்டச் சொன்னார். ஒட்டினேன். வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார், காற்று கசியவில்லை. அன்றிலிருந்து நான் கீழே போனால் ஒரு நாற்காலி தயாராக இருக்கும்.

விசித்திரமான மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுவார். டெலிவிஷன் கிடையாது. வீட்டில் பாதி இடம் ஒரே ஒரு ஆர்கனுக்கு. நம் பாளையங்கோட்டை மாதா கோவிலில் வைத்து வாசிப்பது மாதிரி இல்லை, இது தானே வாசிக்கும் நடன ஆர்கன். ஒரு சுவர் முழுக்க அடைக்கிற பெட்டி. முன்பக்கம் தேர் மாதிரி மரவேலைப்பாடு, உள்ளே நூற்றுக்கணக்கில் குழல்கள், பக்கத்தில் மத்தளமும் தாளமும். அந்தக் காலத்தில் இந்த ஊரின் நடனக்கூடங்களிலும் மதுக்கடைகளிலும் வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுப்பதற்குப் பதில் இதை நிறுத்திவைத்தார்கள். ஜோடிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கொடுத்து ஆடியிருக்கிறார்கள். செய்த இடமும் இதே ஆண்ட்வெர்ப்தான். மோர்ட்டியே என்ற கம்பெனி ஏறக்குறைய ஆயிரம் செய்ததாம். தெகாப் குடும்பம் 1902ல் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் இன்னும் தொழிலில் இருக்கிறது. ராட்டினத்துக்கு நடுவில் நிற்கிற திருவிழா ஆர்கன் வேறு ஜாதி. நீராவி எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கவேண்டும் என்பதால் அதன் குரலே காட்டம். அதில் பெரிய பெயர் பாரிஸில் இருந்த காவியோலி.

இது எப்படிப் பாட்டை வாசிக்கிறது தெரியுமா அப்பா? மேலத்தெரு பெரியப்பா தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டியும் துளை போட்ட அட்டைகளும் தொங்குமே, அதே சங்கதி. புடவைக்குப் பூ போடுகிற அட்டை இங்கே பாட்டுப் போடுகிறது. தறிக்கு அந்த ஏற்பாடு 1804ல் பிரான்ஸில் வந்தது. ஆர்கனுக்கு அதற்குமுன் மர உருளையில் முள் அடித்து வைப்பார்கள். ஒரு உருளையில் சில பாட்டுகள்தான் ஏறும், பாட்டு மாற்ற வேண்டுமென்றால் உருளையையே மாற்றவேண்டும். 1892ல் அன்செல்ம் காவியோலி அட்டைப் புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். விசிறி மடிப்பாக மடித்த தடித்த அட்டை, அரக்குப் பூசியது. அது மெதுவாக நகரும். கீழிருந்து வரிசையாக உலோக விரல்கள் அட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். துளை வந்த இடத்தில் விரல் எழும்பும், ஒரு காற்றுவழி திறக்கும், நான் தோல் ஒட்டினேனே அந்தச் சின்னத் துருத்தி அசையும், அது வால்வைத் திறக்கும், குழல் ஊதும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். துளை நீளமாக இருந்தால் சுரம் நீளும். புதிய பாட்டு வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து பென்சிலால் அளந்து குறித்து ஒவ்வொரு துளையாக வெட்டவேண்டும்.

ஆனால் கீழ்வீட்டுக்காரரின் உயிர் இருப்பது பெட்டியைப் பழுதுபார்ப்பதில்கூட இல்லை, தேடுவதில்தான். 1950களில் ஜூக்பாக்ஸும் ஒலிபெருக்கியும் வந்தபின் கூடங்கள் இவற்றை வெளியே தள்ளின. சிலது அடுப்புக்கு விறகானது. சிலது அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போனது. சிலது கிராமத்துக் களஞ்சியத்தில் வைக்கோலுக்குப் பின்னால் கிடக்கிறது. எது எங்கே போனது என்று இவரும் இவரைப் போன்றவர்களும் பல நாடுகளில் இருந்துகொண்டு குறித்துவருகிறார்கள். அலமாரி நிறைய நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு ஆர்கனுக்கும் ஒரு பக்கம்: செய்தவர், எண், எத்தனை கட்டை, எந்தக் கடையில் நின்றது, யார் வாங்கினார், எப்போது திருத்திக் கட்டப்பட்டது.

அது லேசான வேலை இல்லை. முகப்பைக் கழற்றி வேறு பெட்டிக்கு மாட்டியிருப்பார்கள், மேலே வேறு பெயர் எழுதியிருப்பார்கள். அதனால் முகத்தை மட்டும் நம்பக்கூடாது, உள்ளே காற்றுப்பெட்டியில் அடித்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்பார். ஆர்மோனிய ரீடில் குத்திய எண்ணைப் பார்க்காமல் பெட்டியின் வயதைச் சொல்லாதே என்று நீங்கள் அண்ணனைத் திட்டுவது நினைவுக்கு வந்தது.

ஒருமுறை, மதுக்கடையில் ஆர்கன் நிற்கிற பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்து, எங்கள் இல்லத்தில் இருக்கிறவர்களிடம் காட்டமுடியுமா என்று கேட்டார். மேற்பார்வை அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எடுத்துப்போனேன். சாப்பிட வாய் திறக்கவே கெஞ்சவேண்டிய ஒரு பாட்டி இருக்கிறாள். போட்டோவைக் கையில் வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். கடையின் பெயரைச் சொன்னாள். கதவுக்கு இடப்பக்கம் கணப்படுப்பு, அதை ஒட்டித்தான் ஆர்கன் நின்றது என்றாள். முகப்பில் இருந்த மரப்பொம்மைக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது, குடித்துவிட்டு ஒருவன் நாற்காலியை வீசியதால் என்றாள். பிறகு போர்வைக்கு மேல் விரலால் மூன்று தட்டு, மூன்று தட்டு. அன்றைக்குத் தட்டு முழுவதும் சாப்பிட்டாள். ராத்திரி கீழ்வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். போட்டோவில் பொம்மையின் இடது கை இருட்டில் மறைந்திருந்தது, எதுவும் தெரியவில்லை. ஆனால் ஹாலந்தில் ஒரு களஞ்சியத்தில் எடுத்த வேறொரு படம் அவரிடம் இருந்தது. அதில் அதே பொம்மை, இடது கையில் மட்டும் மரத்தின் நிறம் வேறு. பிற்பாடு ஒட்டவைத்த கை! அதன் காற்றுப்பெட்டியில் அடித்த எண்ணை அனுப்பச் சொல்லி அங்கே எழுதியிருக்கிறார். அது வந்தபின்தான் நோட்டில் மையால் எழுதுவார், அதுவரை பென்சில்தான். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹாலந்தில் உட்ரெக்ட் ஊரில், தானே வாசிக்கும் வாத்தியங்களுக்கான ஸ்பேல்க்ளோக் என்ற அருங்காட்சியகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். 1956ல் நடந்த ஒரு கண்காட்சியிலிருந்து வளர்ந்ததாம். 1984லிருந்து பழைய மாதா கோவில் ஒன்றுக்குள் இருக்கிறது. கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல் வாசிக்கவிட்டுக் காட்டுகிறார்கள், அதுதான் முறை. போகிற வழியில் ப்ரெடா ஸ்டேஷன் வந்தபோது தொப்பியைக் கழற்றினார். கார்ல் ஃப்ரை என்ற ஜெர்மன்காரர் 1920ல் அங்கே பட்டறை போட்டார். ஹாலந்துத் தெரு ஆர்கனுக்கு இன்று இருக்கிற இனிப்பான குரல் அவர் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லாம் போய், சொந்த நாட்டில் வால்ட்கிர்க் என்ற ஊரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த ஊரில் ஆர்கன் தொழில் அதற்கும் நூறு வருஷம் முந்தியது.

நம் ஊர் ஆட்களுக்கும் ஒருநாள் காட்டவேண்டும் என்று நான் நினைக்கிற இடம் ஆற்றுக்குப் பக்கத்தில் பேவரன் என்ற மதுக்கடை. 1937ல் செய்த தெகாப் ஆர்கன் அங்கே இன்னும் நிற்கிறது. காசு போட்டால் வாசிக்கும். நான் எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். தரை அதிர்கிறது அப்பா. காற்று கிளம்பும்போது முதலில் ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகுதான் சுரம். அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. ஆடித்தபசு முடிந்த ராத்திரி, நாடகக் கொட்டகைக்குப் பின்னால், கால் ஆர்மோனியத்தை நீங்கள் மிதித்துப் பார்ப்பீர்கள். நான் சாக்கில் படுத்திருப்பேன். கட்டையைத் தொடும் முன் அந்த மூச்சு வரும். உடனே வீட்டுக்கு வரவேண்டும் போல் இருந்தது. கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போய் ஆற்றங்கரையில் நின்றேன். அழுதேன். இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக்காட்ட வேண்டாம்.

இனி கடை விஷயம். கட்டிடக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், அண்ணன் அங்கே செல்போன் கடை வைக்க ஆசைப்படுகிறான் என்றால் வைக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அவனுக்கும் பிள்ளை வளர்கிறது. ஆனால் பழைய சாமான்களை மொத்தமாகக் காயலான் கடைக்காரருக்குப் பேசிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். பலகைகள் போகட்டும். பாரிஸ் ரீடு இருக்கிற பிஸ்கட் டின், கால் ஆர்மோனியம், பரணில் இருக்கிற ரிப்பேர் நோட்டுகள் இந்த மூன்றும் போகக்கூடாது. அதிலும் நோட்டுகள். தாத்தா காலத்திலிருந்து எந்தப் பெட்டி எந்த நாடகக் குழுவுடையது, எந்தச் சபைக்காரருடையது, எந்த வருஷம் என்ன மாற்றினீர்கள் என்று அதில் இருக்கிறது. அது வேறு எங்கேயும் எழுதப்படவில்லை. மழை ஒழுகாத இடமாகப் பார்த்து, வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். தாத்தாவின் எழுத்து தம்பிக்குப் புரியாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச்சொல்ல அவன் ஒரு புது நோட்டில் எழுதட்டும். நிச்சயமாகத் தெரிந்ததை மையால், சந்தேகத்தைப் பென்சிலால். கோவில்பட்டிக் குழுவின் பெட்டி கடைசியில் யார் கைக்குப் போனது என்று கடையநல்லூர் மாமாவைக் கேளுங்கள், அவருக்கு இப்போதும் நினைவு நன்றாக இருக்கிறது. தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். ஆச்சியின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடுங்கள், அதற்குள் அனுப்பிவிடுவேன். சுரண்டை சித்தி மகள் கல்யாணத்துக்கு நம் செய்முறை குறையக்கூடாது. என் சின்ன வளையல் ஜோடி அம்மாவிடம்தானே இருக்கிறது, வேண்டுமென்றால் அதை வைத்துச் சமாளியுங்கள், நான் இங்கே அதைப் போடப்போவதில்லை. கிழக்கு வயல் பட்டாவில் பெரியப்பா பெயர் இன்னும் சேர்ந்தே இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். பெரியப்பா இருக்கும்போதே தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப்போய் முடித்துவிடுங்கள், அடுத்த தலைமுறைக்குத் தகராறு வேண்டாம். தம்பியின் செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், உங்களிடம் சொல்லியனுப்பவேண்டாம். அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாளா என்பதையும் அவனே பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்