அம்மணிக்கு, 2025 ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள்

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். அமுச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்குது, வாய் மட்டும் குறையல. நேத்து ஆயுத பூஜை. பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக்னு தையல் மெஷின் எல்லாத்தையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, ஆளுங்களுக்குப் பொரி கடலை குடுத்தோம். உன்னோட காலேஜ் லேப்டாப்பையும் அப்பா கொண்டாந்து சாமி முன்னாடி வெச்சாரு. சார்ஜரே இல்லாத லேப்டாப்புக்கு எதுக்குங்க பொட்டுன்னு கேட்டேன். பதிலே இல்ல. உன்கிட்டயும் பேசறதில்ல, உன்னைப் பத்தியும் பேசறதில்ல, பொட்டு மட்டும் வெக்கிறாரு. அவரு அப்படித்தான்னு உனக்குத் தெரியும்.

போன்ல பேசலாம்னா "மீட்டிங் இருக்கும்மா"ன்னு வெச்சிடற. எனக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி, உனக்கு ஞாயித்துக்கிழமை காலையில, அப்ப என்ன மீட்டிங்னு நானும் கேக்கல. அதான் எழுதறேன். கடுதாசின்னா பாதியில வெக்க முடியாது.

காலையில வெறும் காப்பி குடிச்சுட்டு ஓடாத. ரூம் மாத்தினேன்னு சொன்னியே, வாடகை குறைச்சலான எடமா? இல்ல, சும்மா கேட்டேன்.

போன மாசம் 19ஆம் தேதி ட்ரம்ப், அங்க வேலை பாக்கறதுக்கான எச்1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர்னு கையெழுத்துப் போட்டதுல இருந்து இங்க பேக்கரியில கூட அதே பேச்சு. அடுத்த நாளே, ஏற்கெனவே வெச்சிருக்கறவங்களுக்கு இல்ல, புதுசா போடறவங்களுக்குத்தான்னு விளக்கம் வந்துச்சாம். நம்ம ஆடிட்டர், "ஏனுங்க்கா, பாப்பா இப்ப எந்த விசாவுல இருக்குது?"ன்னாரு. படிப்பு விசாதானுங்க, ஓபிடின்னு சொல்லுதுன்னேன். அவரு பையனும் டெக்ஸாஸ்ல அப்படி இருந்தவன்தானாம். கோர்ஸ் முடிச்சுட்டு 12 மாசம் வேலை பாக்க விடுவாங்க, ஆனா அதுல மொத்தமா 90 நாளுக்கு மேல வேலையில்லாம இருக்கக் கூடாதுன்னாரு. எனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்ங்கற மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்.

நீ மே மாசம் பட்டம் வாங்கின. உன் வேலை அனுமதிக் கார்டுல எந்தத் தேதி போட்டிருக்குது, எப்ப இருந்து அந்த 90 ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. காலண்டரப் பாத்தேன், அவ்வளவுதான்.

சொந்தக் கம்பெனி பதிவு பண்ணி, லைசென்ஸ் எடுத்து, படிப்பு சம்பந்தமா அதுல முழுசா வேலை பாத்தா அதையும் வேலைன்னு ஒத்துக்குவாங்களாம். ஆனா அதுக்கப்புறம் உங்க படிப்புக்குக் கெடைக்கிற 24 மாச நீட்டிப்புக்கு, பயிற்சி குடுக்கிறேன்னு கையெழுத்துப் போட வேற ஒரு முதலாளி வேணும், நமக்கு நாமே போட்டுக்க முடியாதுன்னு சொன்னாரு. உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். நான் சொல்லித்தான் தெரியணுமா என்ன. இருந்தாலும் எழுதி வெக்கிறேன்.

நீ அங்க கார்னெல் டெக்ல சேந்தப்ப நான் எவ்வளவு பீத்திக்கிட்டேன் தெரியுமா? நியூயார்க்ல ஆத்துக்கு நடுவுல தீவு, ரூஸ்வெல்ட் தீவு, சிவப்புக் கலர் ரோப் கார்ல நீ போற வீடியோவ செக்கிங் டேபிள்ல இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். கார்னெலும் இஸ்ரேல் டெக்னியானும் சேந்து நடத்தறது, 2017-ல தான் அந்தக் கட்டடமே திறந்தாங்க, அங்க மெஷின் லேர்னிங் படிக்கிறவங்க, எம்பிஏ படிக்கிறவங்க, வக்கீலுக்குப் படிக்கிறவங்க எல்லாரும் ஒரே குழுவுல உக்காந்து ஒரு பொருள் செய்யணும், முதல் செமஸ்டர்ல ஒரு கம்பெனி குடுக்கிற கேள்விக்கு, ரெண்டாவதுல சொந்தமா ஒரு கம்பெனிக்குன்னு நீ சொன்னத அப்படியே ஒப்பிச்சேன். உங்கப்பா மட்டும், "திருப்பூர்ல பொறந்துட்டு தொழில் பண்றதப் படிக்க அமெரிக்கா போகோணுமா?"ன்னாரு. ஆனா சைட் பத்திரத்த பேங்க்குக்குத் தூக்கிட்டுப் போனதும் அவருதான். அத மறந்துடாத.

அந்த ரெண்டாவது செமஸ்டர் ஸ்டார்ட்அப் ஸ்டூடியோவுல ஜெயிக்கிற குழுவுங்களுக்கு காலேஜே 1 லட்சம் டாலர் முதலீடு போடும்னு சொன்ன. மே மாசத்துல முடிவு வந்திருக்கும். நீ சொல்லல, நான் கேக்கல. வேடிக்கையப் பாரு, ஜெயிச்சா குடுக்கிறதும் 1 லட்சம் டாலர், இப்ப விசாவுக்குக் கேக்கறதும் 1 லட்சம் டாலர். ஒரு கையில வாங்கி இன்னொரு கையில கட்டற கணக்குதான்.

காலேஜ்ல நீங்க செஞ்ச அந்தக் கேமராவப் பத்தி நான் ரொம்ப யோசிச்சேன். எனக்கு நியூரல் நெட்வொர்க் தெரியாது. டெபிட் நோட் தெரியும், பிழைத் துணிக்குக் காசப் புடிச்சுக்கிட்டு அனுப்பற சீட்டு.

நிட்டிங் மெஷின்லயே கேமராவ மாட்டி, துணி இறங்கும்போதே ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை, லைக்ராங்கற இழுவை நூல் அறுந்ததுன்னு கண்டுபிடிக்கிறது நல்ல விஷயந்தான். ஒரு ஊசி போச்சுன்னா ஆள் பாக்கற வரைக்கும் கோடு இறங்கிட்டேதான் இருக்கும், ஒரு ரோல் 20, 25 கிலோ வீணாப் போகும். ஆனா க்ளாஸ்ல "இதுக்கு யார் காசு குடுப்பாங்க?"ன்னு கேட்டதுக்கு நீங்க நிட்டிங் ஓனர்னு எழுதினதாச் சொன்ன பாரு, அங்கதான் எனக்கு உதைக்குது.

நிட்டிங்காரரு நூல் சரியில்லம்பாரு. டையிங்காரரு இது நிட்டிங்லயே வந்ததும்பாரு. துணிய வாங்கறவங்க ஃபோர் பாயிண்ட்னு பிழைக்குப் புள்ளி போட்டு, 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளி தாண்டினா ரோலத் தள்ளி வெப்பாங்க. அப்புறம் யாரு தலையில டெபிட்டக் கட்டறதுன்னு ஒரு வாரம் பஞ்சாயத்து. இதுல உன் கேமரா என்ன பண்ணும்? எந்த மெஷின்ல, எத்தனை மணிக்குப் பிழை வந்துச்சுன்னு படம் புடிச்சு தேதி போட்டு வெக்கும். தனக்கு எதிரான சாட்சிய தானே காசு குடுத்து வாங்கி தன் ஷெட்டுல எவன் மாட்டுவான்? பிழையக் கண்டுபிடிக்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான், அடுத்தவன் ஷெட்டுல.

இன்னொண்ணு. கிரே மெலாஞ்ச் துணியில உன் மெஷின் எல்லாத்தையும் பிழைன்னு சொல்லுதுன்னு வருத்தப்பட்ட. மெலாஞ்ச்னாலே புள்ளி புள்ளியாத்தான இருக்கும். நம்ம செக்கிங் அக்காவுக்கே அதுல கண்ணு கட்டும், அவ வெரலால தடவித்தான் சொல்லுவா. சும்மா சும்மா நிறுத்துச்சுன்னா ஆபரேட்டர் ரெண்டாவது நாளே உன் பொட்டியோட ஒயரப் புடுங்கி விட்டுருவான். புரொடக்‌ஷன் கம்மியானா திட்டு வாங்கறது அவன்தான. நாலு பிழையக் கோட்ட விட்டாலும் பொறுத்துக்குவான், பொய்யா நிறுத்தினா பொறுக்க மாட்டான். நீ அத வேற ஏதோ பேர் சொல்லி, ஒண்ணக் கூட்டினா இன்னொண்ணு குறையும்னு விளக்கினியே, அதேதான்.

பிழைத் துணிப் படம் பத்தலம்மா, நல்ல துணிப் படந்தான் குமிஞ்சு கெடக்குதுன்னு போன வருஷம் சொன்ன. பின்ன, பிழைத் துணிய யாரு பத்திரப்படுத்துவா? மிச்ச சரக்கு விக்கிற காதர்பேட்டைக்குப் போயிடும், இல்லைன்னா வேஸ்ட்காரன் அள்ளிட்டுப் போயிடுவான். நீ சொன்னதுல இருந்து வெட்டி வெட்டி ஒரு சாக்குல போட்டு வெச்சிருக்கேன். அக்கா ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸ்ல வட்டம் போட்டு, ஓட்டை, கோடு, லைக்ரான்னு எழுதி இருக்கறா. சாக்பீஸ் அழிஞ்சிரும்னு நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். படம் எடுத்து அனுப்பவான்னு ரெண்டு மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்துச்சு. சரி, வேலையா இருந்திருப்ப.

ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு, குவால்காம்ல வேலை பாத்துட்டுத்தான் 1996-ல கம்பெனிக்கு வந்தாரு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோவுல வருஷக்கணக்கா இருந்துட்டு 2010-ல தான் தனியா வந்தாரு, 2021-ல அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக் வரைக்கும் போனாரு. சம்பளத்துக்கு இருந்தா தொழில் மறந்தா போயிடும்? ரெண்டு வருஷம் ஒரு எடத்துல இரு. ஏ.ஐ. தெரிஞ்ச புள்ளைக்கு வேலைக்கா பஞ்சம்? இல்ல, பஞ்சமாத்தான் இருக்குதுன்னா அதையும் சொல்லு, அதுல என்ன இருக்குது. இது உலகம் பூராவும் உள்ளதுதான். உன்னோட படிச்சவங்களுக்கெல்லாம் கெடைச்சிருச்சா? கெடைச்சிருந்தாலும் அது உனக்குக் குறை இல்ல. ரெண்டு வருஷம் ஒரு எடத்துல இரு, அதத்தான் சொல்றேன்.

கடனப் பத்தி யோசிக்காத. கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை, அது அடுத்த மே மாசத்துக்கு மேல. வட்டிய மட்டும் மாசா மாசம் நாங்க கட்டிட்டு வர்றோம், கட்டிருவோம்.

ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்காவுக்குப் போற சரக்குக்கு 50 சதவீதம் வரி ஆயிப் போச்சு, பேப்பர்ல பாத்திருப்ப. நமக்கு வேலை குடுக்கிற எக்ஸ்போர்ட்டரு தைச்ச சரக்கையே பெட்டியில போட்டு நிறுத்தி வெச்சிருக்காரு, கட்டிங் வர்றதே இல்ல. பாதி டேபிள் சும்மா நிக்குது. நேத்து பூஜைக்கு வந்த ஆளுங்கள்ல பாதிப் பேரு உள்நாட்டு பனியன் கம்பெனிக்குப் போறதாச் சொல்லிட்டாங்க. இத உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அப்பா சொன்னாரு. நான் சொல்லிட்டேன். இத நெனச்சு நீ ஏதாச்சும் ஒரு வேலைக்கு ஓடாத. ஓடினாலும் தப்பில்ல.

எழுத வந்தது வேற. நிட்டிங் ஷெட் வெச்சிருக்கற சின்ன மாமன்கிட்ட உன் கேமராவப் பத்திப் பேசினேன். மொதல்ல, "அக்கா, எம்பட ஷெட்டுல போலீஸ் வெக்கச் சொல்றியா?"ன்னு சிரிச்சான். அப்புறம் அவனே ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டான். இப்ப ஆர்டர் இல்லாம மெஷின் சும்மாதான நிக்குது, ஒரு மெஷின்ல போட்டுப் பாக்கட்டும்னான். கண்டிஷன் போட்டிருக்கறான். படம் ஷெட்ட விட்டு வெளிய போகக் கூடாது, க்ளவுட் கிளவுட்னு எங்கயும் ஏத்தக் கூடாது, பொட்டி மெஷின் பக்கத்துலயே இருக்கணும். அவன் பாத்து, அவன் ஊசிய மாத்திக்குவான், பார்ட்டிக்குத் தெரியக் கூடாது. மெலாஞ்ச் ஓட்டும்போது ஆஃப் பண்ணிக்குவான். மாச வாடகையெல்லாம் தர மாட்டான். நிட்டிங் கூலி கிலோவுக்குத்தான வாங்கறான், உனக்கும் கிலோவுக்கு இவ்வளவுன்னு தருவான். அமெரிக்காவுல சாஃப்ட்வேர மாசச் சந்தாவுக்குத்தான் விப்பாங்கன்னு நீ சொல்லுவ. இங்க கிலோதான்.

இதுக்காக ஊருக்கு வான்னு சொல்லல. வராதன்னும் சொல்லல. அங்க இருந்தே பொட்டிய அனுப்பினா மாட்டறதுக்கு எலக்ட்ரீசியன் இருக்கறான், படத்துக்கு சாக்கு நிறைய பிழைத் துணி இருக்குது. வர்றதா இருந்தா டிக்கெட்டுக்கு நான் தனியா வெச்சிருக்கேன், அப்பாகிட்டக் கேக்க வேண்டியதில்ல.

தீபாவளி 20ஆம் தேதி. அதுக்குள்ள மாமனுக்குப் பதில் சொல்லணும், இல்லைன்னா உள்ளூர் வேலைய அந்த மெஷின்ல ஏத்திருவான். கிலோவுக்கு எத்தனை பைசான்னு நீயே ஒரு ரேட்டுப் போட்டு அனுப்பு. நான் போட்டா தம்பிங்கற பாசத்துல கம்மியாப் போட்டுருவேன்.

இப்படிக்கு,
அம்மா