துசிடிடீஸை விட்டுவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அடுத்த வருடப் பாடத்துக்குப் பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் துசிடிடீஸ் வேண்டாம், ஹோமரும் நாடகங்களும் போதும் என்றாய். ஆக்ஸ்போர்டுக்குப் போன பிறகுதான் கிரேக்க எழுத்தையே படித்தாய், கஷ்டம்தான். கிரேக்கமே தாய்மொழியான அந்தக் காலத்து விமர்சகர் டயோனிசியஸ்கூட அந்த ஆளின் வாக்கியங்கள் சிக்கல் என்று குறைப்பட்டதாக நீதானே சொன்னாய்.

ஆனால் நீ விட்டுப்போன ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏதென்ஸ் கொள்ளைநோய்ப் பகுதியைப் படித்துவிட்டேன். கி.மு. 430. எதிரிகளான ஸ்பார்ட்டாக்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் நாட்டுப்புறத்து ஜனங்களை மதிலுக்குள் கூட்டிவந்துவிட்டார். கோடைக்காலம், காற்றில்லாத குடிசை, ஆள்மேல் ஆள். நோய்க்கு வேறென்ன வேண்டும்?

முதலில் தலையில் காந்தல், கண் சிவப்பு. தொண்டையிலும் நாக்கிலும் ரத்தம். தும்மல், குரல் கம்மல். நெஞ்சுக்கு இறங்கி இருமல், அப்புறம் வயிறு, பித்த வாந்தி. தொட்டால் உடம்பு அவ்வளவு சுடாது; உள்ளே மட்டும் எரியும். மெல்லிய துணிகூடத் தாங்காமல் உதறிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ சாவு. பிழைத்தவர்களில் சிலருக்கு விரல் போயிற்று, சிலருக்குக் கண். சிலர் தங்களையும் நெருங்கியவர்களையும்கூட அடையாளம் தெரியாமல் விழித்தார்கள்.

தலையில் ஆரம்பித்து வரிசையாகக் கீழே இறங்கி வருகிறார், பார். வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேஸ் ஷீட் எழுதச் சொல்லித்தர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதனால் வந்தது என்று அவர் கதை கட்டவில்லை. மறுபடி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்றுதான் எழுதிவைக்கிறார். அவருக்கே அந்த நோய் வந்து பிழைத்தவர்.

அதிகம் செத்தது வைத்தியர்களாம். நோயாளி பக்கத்தில் அதிகம் போனது அவர்கள்தானே. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 2020ல் எங்கள் ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும்.

என்ன நோய் என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் சண்டைதான். 1990களில் ஏதென்ஸில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது கெராமைகோஸ் என்ற பழைய இடுகாட்டுப் பகுதியில் அந்தக் காலத்துப் பிணக்குழி ஒன்று கிடைத்தது. பற்களைச் சோதித்து டைபாய்டு என்றார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. விரல் போனதைப் பார்த்தால் நான் டைபஸ் (டைபாய்டு இல்லை, பேன் பரப்பும் வேறு காய்ச்சல்) என்கிறவர்கள் பக்கம். நர்ஸ் பேச்சை யார் கேட்கிறார்கள், அது வேறு விஷயம்.

சண்டையெல்லாம் அவர் எழுதிய வார்த்தைகளை வைத்துத்தான் நடக்கிறது. கொப்புளம் என்று அவர் சொல்வது எந்த மாதிரிக் கொப்புளம் என்று மூலத்தைப் படிக்கத் தெரிந்தவள்தான் எனக்குச் சொல்ல முடியும். இந்தக் கொள்ளைநோய் வரும் இரண்டாம் புத்தகத்தையாவது படி. ஒரு நாளைக்குப் பத்து வரி போனாலும் போதும்.

இதைப் படித்து என்ன வேலை என்று பெரியப்பா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். ரூம் வாடகை திங்கட்கிழமை போட்டுவிடுவேன். இருமல் நின்றதா இல்லையா என்று முதலில் எழுது.

அம்மா