தூக்குக்கு ஒருமித்த தீர்ப்பு வேண்டும்

ஆசிரியருக்கு,

தூக்குத் தண்டனை அரசியல் சட்டப்படி செல்லும், ஆனால் மிக அரிதான வழக்குகளில் மட்டுமே விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பு என்றாலே ‘அரிதினும் அரிதான வழக்கு’ மட்டுமே பேசப்படுகிறது. ஐவர் அமர்வில் நீதிபதி பகவதி மாறுபட்டார். அவரது விரிவான காரணங்கள் 1982இல்தான் வெளிவந்தன. எந்தக் கொலைக்குத் தூக்கு, எதற்கு ஆயுள் என்று சட்டம் வரையறுக்காததால், அமர்வு மாறினால் தண்டனையும் மாறுகிறது. இது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு முரண் என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்காமல் தூக்கை உறுதிசெய்யக் கூடாது என்ற யோசனையும் அதில் உண்டு. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதே என் ஆதங்கம்.

1993 டெல்லி குண்டுவெடிப்புக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட புல்லரின் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவரில் ஒருவர் குற்றமே நிரூபணமாகவில்லை என்றார். இருவர் தூக்கை உறுதிசெய்தனர். 2014இல்தான் அது ஆயுளாகக் குறைந்தது. நீதிபதிக்கே எழுந்த சந்தேகத்தைப் பெரும்பான்மைக் கணக்கால் தாண்டுவது அநியாயம். தூக்கு வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் குறைந்தது மூவர் அமர்வு விசாரிக்க வேண்டும் என்று இப்போதுள்ள விதியில், ‘மூவரும் ஒருமித்தால் மட்டுமே தூக்கு’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

– ஒரு வழக்கறிஞர், மதுரை