எலியை உயிரோடு மட்டும் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் பாலக்காட்டிலும் செல்லப்பிராணிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். வீட்டில் ஒரு பால் பைதான் (ball python, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத சிறிய மலைப்பாம்பு வகை) இருக்கிறது, விதிப்படி பதிவு செய்த பாம்பு. இந்தப் பக்கம் பாம்பு வளர்க்கிறவர்கள் வேலந்தாவளம் வழியாகவோ வாளையாறு வழியாகவோ உங்களிடம் வந்துதான் தீனி வாங்குகிறோம். கேட்பது ஒன்றே ஒன்று. கடையில் ஒரு ஃப்ரீசர் வையுங்கள். முறையாகக் கொன்று உறைய வைத்த எலியை, ஒன்று கேட்டால் ஒன்றாகக் கொடுங்கள்.

"உயிரோடு போடுகிறவன் வளர்ப்பவன், அவனிடம் போய்ச் சொல்" என்பீர்கள். அவர்களிடமும் பேசியாயிற்று. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் பலருக்கு மனமே இல்லை. வேறு வழி கிடைப்பதில்லை, அவ்வளவுதான். உறைந்த எலியை மொத்தமாக வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மீன் வைப்பதற்கே தனி டப்பா கேட்கும் வீடுகள் எங்களுடையவை. தோசைமாவுக்கு மேல்தட்டில் செத்த எலி என்றால் பாம்போடு சேர்த்து ஆளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். வளர்ந்த பால் பைதானுக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஓர் எலி போதும். அந்த ஒன்று உங்கள் ஃப்ரீசரில் இருந்தால் எங்கள் வீட்டுச் சண்டை பாதி தீர்ந்தது.

உயிருள்ள எலியால் பாம்புக்கு என்ன ஆகும் என்பதைக் கல்லாவில் இருக்கும் நீங்கள் பார்ப்பதில்லை. பசியில்லாத பாம்பு எலியைத் தொடாது. பால் பைதான் சில சமயம் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். "இராத்திரிக்குள் தின்றுவிடும்" என்று எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். எலிக்கும் பசிக்கும், பயமும் உண்டு, பல்லும் உண்டு. சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கினால் பாம்பு பெரும்பாலும் திருப்பித் தாக்காது. தோல் கிழிந்து, சதை தெரிந்து, சீழ் வைத்து, சிலது செத்தும் போகிறது. கவ்விப் பிடித்த பிறகும், எலியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு கடியில் பாம்பின் கண் போய்விடலாம். காட்டில் இப்படித்தானே நடக்கிறது என்பார்கள். காட்டில் எலிக்கு வளை உண்டு, பாம்புக்கும் விலகிப் போக இடம் உண்டு. இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டுக்கும் அது இல்லை.

அடுத்து, "செத்ததைப் பாம்பு தின்னாது". உங்கள் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். குளிர்ந்த எலியைத் தின்னாது என்பது சரி. பால் பைதானின் மேலுதட்டில் சூட்டை உணரும் குழிகள் வரிசையாக இருக்கின்றன. சூடில்லாத பொருள் அதற்கு இரையாகவே படாது. உறைந்த எலியைக் கவரோடு பச்சைத் தண்ணீரில் போட்டு முழுக்க இளக விடவேண்டும். பிறகு 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டினால் பெரும்பாலான பாம்புகள் பாய்ந்து பிடிக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே வெந்து உள்ளே கட்டியாக இருக்கும். கையால் நீட்டவும் வேண்டாம், கையின் சூட்டையும் இரையென்று நினைத்துக் கடித்துவிடும். உயிருள்ளதற்கே பழகிப்போன பாம்பை மாற்றச் சில வாரம் ஆகலாம். இடையில், அப்போதுதான் கொன்ற சூடான எலி உதவும். பிறந்து எதையும் தொடாமல் இளைக்கும் குட்டிப் பாம்புக்கு மட்டும், எதுவும் பலிக்காவிட்டால், கடிக்கத் தெரியாத கண் திறக்காத எலிக்குஞ்சை உயிரோடு கொடுக்கும்படி ஆகிவிடலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மருத்துவரைக் கேட்டுச் செய்வது. உங்கள் கடையில் அதுவே வாடிக்கையாக இருக்கிறது.

வெள்ளை எலி தீர்ந்துபோனால் வயல் எலியைப் பிடித்துவந்து விற்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். எங்கள் பக்கம் நெல்லுக்கும் தென்னைக்கும் புரோமடியோலோன் என்ற எலிவிஷக் கட்டியை வைப்பது சாதாரணம். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடிக்கொண்டிருக்கும். பார்க்கத் துடிப்பாக இருக்கும் எலியின் உடம்பில் விஷம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாம்பை விடுங்கள், அந்த எலியைக் கையால் பிடித்துத் தருகிற பையனை நினைத்துப் பாருங்கள். எலி மூத்திரத்தில் பரவும் எலிக்காய்ச்சலை இங்கே எலிப்பனி என்பார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அது எத்தனை வீடுகளைப் படுத்தியது என்று நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். (உறைந்த எலியும் சுத்தமானது என்று நினைக்கவேண்டாம். சால்மொனெல்லா என்ற கிருமி குளிரில் சாகாது. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.)

இன்னொரு வகை வாடிக்கையாளர் வருகிறார். "நல்லாத் துள்ளுற எலியாக் கொடுங்க அண்ணா, வீடியோ எடுக்கணும்" என்பார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது அதில் குற்றம். மத்தியச் சட்டம் என்பதால் வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கிடையாது. நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை, நாகம் வளர்க்கிறேன் என்று சொல்லித் தீனி கேட்டால் அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவருக்கு எந்த எலியும் கொடுக்கவேண்டாம். பால் பைதான் வைத்திருப்பவரிடம் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் கேட்டால்தான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும்.

சரி, கொல்வது எப்படி? சங்கடமான கேள்விதான். எலிக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன், அதனால் தாண்டிப்போக முடியாது. சுவரில் அடிப்பது, தண்ணீரில் அமுக்குவது, உயிரோடு ஃப்ரீசரில் போடுவது மூன்றும் கூடவே கூடாது. உயிரோடு உறைய வைத்து விற்பதென்றால் இப்போது நடப்பதே தேவலை. வளர்ந்த எலிக்கு, மூடிய பெட்டியில் கரியமிலவாயுவைப் படிப்படியாக ஏற்றுவது உலகெங்கும் பழக்கத்தில் உள்ள முறை. குஞ்சுகளுக்கு அது ஒத்துவராது, உயிர் போக நெடுநேரம் பிடிக்கும். கழுத்தெலும்பை நொடியில் விலக்கும் முறையும் இருக்கிறது. பழகிய கை வேண்டும். பார்த்துப் பழகாமல் யாரும் இறங்கவேண்டாம். மண்ணுத்தியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து போய்ச் சொல்லிக்கொடுக்கக் கேட்டால் என்ன?

ஒவ்வொரு கவரிலும் எலியின் எடையையும் உறைய வைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பாம்பின் உடம்பில் எந்த இடம் தடிமனோ அந்த அளவு எலிதான் கொடுக்கவேண்டும், எடை தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. கரண்ட் போய் இளகிவிட்டதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

கரண்ட் பில், வாயுச் செலவு எல்லாம் சேர்ந்து விலை ஏறும் என்று தெரியும். கொடுக்கிறோம். எத்தனை விற்கும் என்று தெரியாமல் எப்படி முதல் போடுவது என்று தயங்கினால், எங்கள் பக்கத்து ஆட்களின் மாதத் தேவையைக் கேட்டுத் தொகுத்து, முன்பணத்தோடு தருகிறேன். தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் நாங்களே கொண்டுவருவோம். முதலில் ஒரு கடை ஒத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்