காப்பிப் பறிப்புக் காலமும் பிள்ளைகளின் படிப்பும்: பெற்றோருக்கும் ஊராருக்கும் ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கார்த்திகை பிறந்தால் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை மும்முரமாகிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வும், அதையடுத்துப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்குமான திருப்புதல் தேர்வுகளும் வருவது அதே மாதங்களில்தான். பறித்த எடைக்கேற்பக் கூலி என்னும்போது, வீட்டில் உள்ள எல்லோரும் தோட்டத்தில் இறங்கினால் நாலு காசு கூடுதலாகக் கிடைக்குமே என்று நினைக்கும் குடும்பங்களின் நெருக்கடியை நான் நன்கு அறிவேன். ஆனாலும் அதன் விளைவை வகுப்பறையில் கண்கூடாகப் பார்ப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் நடக்கும்போது இரண்டு வாரம் வராத மாணவி, மறு ஆண்டு கோபுரத்தின் உயரம் காணும் கணக்கில் படத்தைச் சரியாக வரைகிறாள், முப்பது பாகைக் கோணத்தையும் குறித்துவிடுகிறாள். எந்த விகிதத்தை எடுப்பது என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. விட்டுப்போனதைக் கேட்கவும் அவளுக்குக் கூச்சம். ஆகவே, பறிப்புக் காலத்திலும் பள்ளி நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்புங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, ஆசிரியர்களைப் பற்றியது. நம் ஆசிரியர்களில் பலர் நாள்தோறும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அதன் பிறகும் பேருந்து மாறி வருகிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைய முதல் பாடவேளை போயிற்று. மாலையில் சிறப்பு வகுப்பு நடத்த அவர்களுக்கு மனம் இருக்கிறது. திரும்பிச் செல்லும் பேருந்தை விட்டால் வேறு வழி இல்லை. வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதல் வருமானம் என்பது உண்மைதான். இருப்பினும் ஊரில் ஒன்றிரண்டு வீடுகள் நியாயமான மாத வாடகைக்கு ஆசிரியர்களுக்குக் கிடைக்குமானால், மாலை நேரத்தில் இரண்டு மணி நேரப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு உறுதியாகும். ஊர் செய்யக்கூடிய உதவிகளில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கூடி நாற்காலி, கரும்பலகை, சீருடை, நிலம் என்று தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். இப்போது நான் கேட்பது பெரும்பாலும் பணச்செலவு இல்லாதது. பழத்தோலை நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைக்கும் வேலையில் பழுத்த அனுபவம் உள்ள ஒருவர் அறிவியல் பாடவேளைக்கு வந்து, ஊறல் ஏன் நாள் தவறக்கூடாது என்று விளக்கினால், நொதித்தல் பற்றிய பாடம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும். எடைக் கணக்கு எழுதும் அன்பர்கள் வணிகவியல் மாணவர்களுக்கு அந்தப் பேரேட்டைக் காட்டலாம். கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவர்கள் விடுமுறையில் வரும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருப்பதையும், கல்லூரி செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுவதையும் அவர்கள் எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் ஊன்றிக் கேட்பார்கள்.

நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரும் ஒரு பெற்றோரே. உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும் பெற்றோரே. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதைத் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் உரிமை அக்குழுவுக்கு உண்டு. ஆகவே கையெழுத்து இட்டுவிட்டுப் போகாமல், கூட்டம் முடியும்வரை இருந்து, எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று எங்களைக் கேளுங்கள்.

வீடு தர இயல்பவர்களும் வகுப்புக்கு வர விரும்புபவர்களும் பறிப்பு தொடங்குவதற்குள் குழுத் தலைவரிடமோ என்னிடமோ தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.